பூசாத வெள்ளி

டீ ஆறுவதற்குள் இந்தக் கண்ணாடி மணியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். புளியங்கொட்டை அளவுதான். நேராகப் பார்த்தால் பாதரசம் வழிந்ததுபோல வெள்ளி. லேசாகச் சாய்த்தால் நீலம், ஓரத்தில் மயில்கழுத்து. கையில் வாங்குகிறவர்கள் எல்லோரும் நகத்தால் ஒருமுறை சுரண்டிவிட்டுத்தான் கேட்பார்கள்: "மேல என்ன பூசியிருக்கு?" எதுவும் பூசவில்லை. சொன்னால் நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் நாம் மெதுவாகவே போவோம்.

இப்படி மணி செய்யும் வேலைக்கு லாம்ப்வொர்க் என்று பெயர். விளக்கு வேலை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரில் காற்றை ஊதி, அதைக் கூர்மையாக்கி, அந்த முனையில் கண்ணாடியை இளக்கினார்கள். நம்மூர்ப் பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்துப் பொடி ஒட்டுவாரே, அதே யோசனைதான். இன்று விளக்கு இருந்த இடத்தில் மேசையில் பொருத்திய ஒரு டார்ச் இருக்கிறது. அதற்குள் ஒரு குழாயில் புரொப்பேன் கேஸ், இன்னொன்றில் ஆக்ஸிஜன். களிமண் கரைசலில் தோய்த்துக் காயவைத்த மெல்லிய ஸ்டீல் கம்பி ஒரு கையில், கண்ணாடிக் குச்சி மறு கையில். குச்சியின் நுனி தேன்போல இளகியதும் கம்பியைச் சுழற்றினால் கண்ணாடி அதில் சுற்றிக்கொள்ளும். அந்தக் களிமண் பூச்சு இல்லையென்றால் மணி கம்பியை விட்டுக் கழன்று வராது.

இப்போது வெள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சில்வர் கிளாஸ் என்கிற வகையில், கண்ணாடியை உருக்கும்போதே வெள்ளிச் சேர்மங்களையும் கலந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் டபுள் ஹீலிக்ஸ் என்ற நிறுவனம் செய்யும் 'டிரைட்டன்' குச்சிகள் இந்த வேலைக்குப் பேர்போனவை. ஆனால் குச்சியைக் கையில் வைத்துப் பார்த்தால் வெள்ளியின் சாயலே இருக்காது. ரசத்தில் உப்பு போல, இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? உலோகம் பளபளப்பதற்குக் காரணம், அதன் அணுக்கள் சில எலக்ட்ரான்களைப் பொதுவில் விட்டுவைப்பதுதான். கட்டுப்பாடில்லாமல் திரியும் அந்த எலக்ட்ரான்களே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. கண்ணாடிக்குள் கரைந்த வெள்ளி அணு ஒவ்வொன்றும் தன் எலக்ட்ரான் ஒன்றை ஆக்ஸிஜனிடம் அடகு வைத்திருக்கிறது. அயனி என்று பள்ளியில் படித்தோமே, அது இதுதான். அடகுக் கடையில் இருக்கும் நகையை யார் கழுத்தில் பார்க்க முடியும்? மீட்டுக் கொடுத்தால்தான் மறுபடி மின்னும்.

மீட்டுக் கொடுப்பது தீ. எல்லாத் தீயும் அல்ல. உங்கள் வீட்டு கேஸ் அடுப்பிலேயே இரண்டு வகைத் தீயையும் பார்த்திருப்பீர்கள். பர்னர் சுத்தமாக இருந்தால் நீலமாக எரியும். துளை அடைத்துக்கொண்டு காற்று சரியாகப் போகாவிட்டால் மஞ்சளாக, தளர்ந்து எரியும். டார்ச்சில் இதை வேண்டுமென்றே செய்யலாம். ஆக்ஸிஜனைக் குறைத்தால், அல்லது கேஸைக் கூட்டினால், சுடர் நீண்டு மெத்தென்று ஆகி நுனியில் மஞ்சள் தட்டும். அந்தச் சுடருக்குள் பாதி எரிந்த வாயுக்கள், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும், ஆக்ஸிஜனுக்காகப் பசித்துக் கிடக்கின்றன. காற்றில் போதவில்லை. அதனால் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்தே பிடுங்கிக்கொள்கின்றன. ஆக்ஸிஜன் போகும்போது அடகுப் பொருளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எலக்ட்ரான் வெள்ளிக்குத் திரும்புகிறது, வெள்ளி உலோகமாகிறது. பாடப்புத்தகம் இதை ஒடுக்கம் என்கிறது. (கார்பன் மோனாக்ஸைடு என்றேன் அல்லவா, இந்த வேலை நடக்கும் அறையில் புகைபோக்கி விசிறி கட்டாயம் ஓட வேண்டும்.)

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். மஞ்சள் தீ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பாத்திரத்தின் அடியில் ஏறும் கரி. கரி, தீ கொண்டுவந்து ஒட்டிய பொருள். ஆகவே மணியில் ஏறும் வெள்ளியும் தீ கொண்டுவந்ததுதான் என்று மனது சொல்லிவிடுகிறது. அப்படி நினைத்தவுடன் அடுத்த தப்பும் தானாக வருகிறது: சுவருக்கு இரண்டாவது கோட்டிங் அடிப்பதுபோல, இன்னும் கொஞ்சம் நேரம் காட்டினால் இன்னும் கொஞ்சம் பளபளக்கும் என்று மணியைச் சுடரிலேயே பிடித்துக்கொண்டிருப்பது. மினுமினுப்பு வரும், அடுத்த நொடி மங்கும், பிறகு மழைக்காலத்துத் தகரக் கூரையின் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். தீ கொடுக்கவில்லை, எடுக்கிறது. எடுப்பதற்கு அளவு உண்டு. முதலில் மேற்பரப்பில் நுண்ணிய வெள்ளித் துகள்கள் சீரான படலமாக எழுகின்றன. விடாமல் எடுத்துக்கொண்டே போனால் துகள்கள் திரண்டு பெருத்து, படலம் சொரசொரப்பாகி, வெளிச்சத்தை முகக்கண்ணாடிபோலத் திருப்பாமல் நாலாபக்கமும் சிதறடிக்கிறது.

அதனால் கைப்பழக்கம் இப்படி இருக்க வேண்டும். மணியை நல்ல நீலச் சுடரில் வைத்து வடிவத்தை முழுக்க முடித்துவிட வேண்டும். பிறகு சுடரை விட்டு வெளியே எடுத்து, சுழற்றிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அந்த ஆரஞ்சுத் தணல் அடங்கட்டும், மேல்தோல் இறுகட்டும். காத்திருக்கும்போதே ஆக்ஸிஜனைக் குறைத்துச் சுடரை மாற்றிக்கொள்ளலாம். இப்போது டார்ச்சின் வாயிலிருந்து தள்ளி, சுடரின் மெத்தென்ற பகுதியில், இரண்டு மூன்று நொடி சுழற்றுங்கள். குளிர்ந்த சொம்பில் வேர்க்கிறதுபோல ஒரு பக்கத்தில் தொடங்கி மணி முழுக்கப் படர்வது தெரியும். தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். "இன்னும் ஒரு நொடி" என்று தோன்றும், தோன்றட்டும்.

கெட்டுப்போனாலும் குடிமுழுகிவிடாது. மணியை மறுபடி ஆக்ஸிஜன் மிகுந்த நீலச் சுடரில் காட்டினால் பளபளப்பு மறைந்துவிடும். வெள்ளி எங்கும் போகவில்லை, மறுபடி அடகுக்குப் போயிருக்கிறது. ஆறவிட்டு முதலிலிருந்து செய்யலாம். பூச்சு என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டச் சொல்வேன். எரித்து அழித்த பூச்சு, டப்பாவைத் திறக்காமல் திரும்பி வருமா?

ஒடுக்கம் நமக்குப் புதிதும் அல்ல. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள். சூளையில் கவிழ்த்து வைத்ததால் காற்றுப் போகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பாயின, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பதுதான் பொதுவான விளக்கம். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் எடுத்த செங்கல் சிவப்புப் பாசிமணிகளின் நிறமும், காற்றைக் குறைத்த உலையில் செம்பிலிருந்து வந்ததுதான். இன்று டார்ச் முன்னால் உட்கார்ந்து பழகுகிறவர்கள், செம்பு கலந்த நீலப்பச்சைக் கண்ணாடியில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறிவிட்டது என்று தலையில் கைவைப்பார்கள். கேஸ் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வகை சில்வர் கிளாஸும் உண்டு. அதில் வெள்ளி மேற்பரப்புக்கு வராமல் கண்ணாடியின் உடம்புக்குள்ளேயே நுண்துகள்களாகத் திரண்டு, மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறம் காட்டும். அதற்குச் சுடரை மாற்றுவதைவிட, ஆறவிட்டு மறுபடி சூடேற்றும் பக்குவமே முக்கியம். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் 14-ஆம் நூற்றாண்டு முதல் காணும் பொன்மஞ்சளும் வெள்ளியின் வேலைதான். அந்தக் கதைக்கு இன்னொரு டீ வேண்டும்.

வெள்ளி ஏறிய மணியை அப்படியே வெளியில் வைத்தால் விரிசல் விடும். 500 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே இருக்கும் மின்சூளையில் வைத்து, படிப்படியாக ஆறவிட வேண்டும். மறுநாள் தண்ணீரில் ஊறவைத்து, கம்பியைப் பிடித்து மெல்லத் திருகினால் கழன்றுவிடும். துளையில் மிஞ்சிய களிமண்ணையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தேய்த்ததும் மணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளைக்குள் பாருங்கள். வெளியே முகம் தெரியும் அளவுக்கு வெள்ளி. உள்ளே, களிமண் மூடியிருந்ததால் கேஸ் தொடாத சுவரில், வெறும் கண்ணாடி.