மோட்டார் சைக்கிளின் கழுத்து

பொழுது புலருமுன் தாராவியின் சந்துகளிலிருந்து இட்லிப் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நம்மவர் பலர் புறப்படுகின்றனர். ஹாரன் ஒலி கேட்டதும் தெருவாசிகள் எதிர்கொண்டு வருகின்றனர். அச்சைக்கிளின் ஹாண்டில்பாரைச் சற்றே தொட்டுப் பாருங்கள். அவ்வளவு சுமையிருந்தும் அது இணக்கமாகத் திரும்பும். கழுத்துக் குழாயினுள் மறைந்துள்ள சிறு எஃகுக் குண்டுகளே அதற்குக் காரணம். செம்பூரிலிருந்து வேலைக்குச் செல்லும் அன்பரின் மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான். 1955-ஆம் ஆண்டு சென்னையில் புல்லட் வண்டிகளை உருவாக்கும் பணி தொடங்கியது. அன்று முதல் இன்று வரை வண்டிகளில் எத்தனையோ மாறுதல்கள் நேர்ந்துள்ளன. கழுத்தின் தத்துவம் மட்டும் மாறவில்லை.

வண்டிச் சட்டத்தின் முன்புறத்தில் சாய்வாக நிற்கும் குழாயையே கழுத்து என்கிறோம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு அதனுள் நுழைந்து நிற்கிறது. குழாயின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் கிண்ணம் போன்ற எஃகு வளையங்கள் பதிந்துள்ளன. தண்டில் அவற்றுக்கு எதிராகக் கோன்கள் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையில், கிரீஸில் தோய்ந்தவாறு பால்ரஸ் குண்டுகள் உருளுகின்றன. சில வண்டிகளில் குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு உருளைகள் இருக்கும். இத்தொகுதி முழுவதையும் பட்டறைகளில் ‘கோன் செட்’ என்பர். மேலே உள்ள வளைய நட்டு ஒன்று இவற்றை அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதே நம் பேச்சின் பொருள்.

அழுத்தம் குறைந்தால் குண்டுகள் கிண்ணத்தில் ஆடும். முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்ற ஒலி எழும். வேகத்தில் ஹாண்டில்பார் நடுங்கவும் கூடும். அழுத்தம் மிகுந்தாலோ வேறு அபாயம். இரு சக்கர வண்டி கவிழாமல் செல்வது எதனால்? அது ஒரு பக்கம் சாயும் கணத்தில் முன்சக்கரமும் அப்பக்கம் சிறிது திரும்பி, சாய்வைச் சரிசெய்கிறது. நாம் அறியாமலே இது ஓயாது நிகழ்கிறது. கழுத்து இறுகினால் இச்சிறு திருப்பங்கள் தடைப்படும். தொண்ணூறு அடிச் சாலையின் நெரிசலில் மெதுவாக ஊர்ந்து செல்கையில் வண்டி இடமும் வலமும் அலைவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் மனைவியும் மகவும் அமர்ந்திருக்க, அருகே லாரி உரசிச் செல்லும் வேளையில் அந்த அலைச்சல் எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்புறத்தை அழுத்தச் சொன்னால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். முதலில் ஃபோர்க்கின் கீழ் நுனிகளைப் பற்றி முன்னும் பின்னும் அசையுங்கள். கழுத்தும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் மற்றொருவர் விரல் வைத்திருக்கட்டும். அங்கு ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்ந்துள்ளது. அங்கு தெரியாமல் வேறிடத்தில் ஆடினால், குற்றம் ஃபோர்க் கால்களிலோ சக்கரத்திலோ இருக்கலாம். அடுத்து ஹாண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்லத் திருப்புங்கள். தடையின்றித் திரும்புவதே நலம். நடுவில் நிறுத்தி விரலால் லேசாகத் தள்ளினால், அது தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிட வேண்டும். கேபிள்கள் எங்கும் சிக்கி இழுக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

சரிசெய்யும் முறையும் எளிதே, பொறுமைதான் வேண்டும். உச்சி நட்டையும், மேல் தட்டு ஃபோர்க் கால்களைப் பற்றியிருக்கும் போல்ட்டுகளையும் தளர்த்திவிட்டு, கீழே உள்ள வளைய நட்டைக் கொக்கி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்குச் சுற்றுக்கு மேல் போதல் ஆகாது. ஷண்முகாநந்தா அரங்கில் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் சிறிது திருகுவார், மீட்டிக் கேட்பார், மீண்டும் திருகுவார். அவ்வாறே இங்கும் செய்தல் வேண்டும். ஆட்டம் அற்றுப்போகும் அந்த இடமே போதிய அழுத்தம். உச்சி நட்டை முறுக்கும்போது அழுத்தம் சிறிது கூடுவது இயல்பு. ஆகவே எல்லாவற்றையும் கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்கிய பின்னர், சோதனைகளை மறுபடியும் செய்து பார்ப்பது இன்றியமையாதது.

முறுக்கினால் தீராத நோய் ஒன்றும் உண்டு. நாம் பெரும்பாலும் நேராகவே செல்கிறோம். எனவே சாலைக் குழிகளின் அதிர்ச்சி யாவும் குண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும்போது அவற்றைத் தாக்குகிறது; கிண்ணத்தில் சிறு பள்ளங்கள் விழுகின்றன. பிறகு ஹாண்டில்பார் நேர் நிலைக்கு வந்ததும் அங்கே பிடித்து நின்றுவிடும். அதனை மேலும் இறுக்குவது பயனற்றது. தளர்த்துவதும் தற்காலிக ஆறுதலே. மேலும் கீழும் உள்ள கிண்ணம், கோன், குண்டு அனைத்தையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. புதியவை படிந்து அமரும் தன்மையுடையவை. ஆதலால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சோதிக்க வேண்டும்.

மும்பையில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது; பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில். கிங் சர்க்கிளில் தேங்கும் வெள்ளமும், வண்டி கழுவும் இடத்தில் பீய்ச்சும் நீரும் கழுத்தினுள் புகுந்தால் கிரீஸ் கெட்டு, எஃகில் துரு ஏறும். எனவே மே மாதத்தில் ஒருமுறையும் மழை ஓய்ந்ததும் ஒருமுறையும் கழுத்தைச் சோதிப்பது நல்ல வழக்கம்.

ஸ்பேனர் பிடிக்கப் பழகாதவர் பட்டறைக்கே செல்லலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் வேலை முடிந்ததும் ஹாண்டில்பாரைத் தம் கையால் ஒரு முறை திருப்பிப் பார்த்த பிறகே வீடு திரும்புவாராக. அதற்கு ஒரு நிமிஷம் போதும்.