உழவும் ஓட்டும், பாரமும் இழுக்கும்! சரிவில் மட்டும் உஷார்!

தர்மபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலம் அதிகம். மழை ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும். சின்ன வயலில் பெரிய டிராக்டர் திரும்ப இடம் இராது. அங்கே கைகொடுப்பது பவர் டில்லர்!

இதற்கு இரண்டே சக்கரம். டீசல் எஞ்சின். 1960-களில் ஜப்பானில் இருந்து இந்தியாவுக்கு வந்தது.

ஒரு எந்திரம், பல வேலை

சுழல் கலப்பையைப் பூட்டினால் மண்ணைப் பொடியாக்கும். அதைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மாட்டினால் எரு ஏற்றலாம். பெல்ட் போட்டால் பம்பை ஓட்டி, தண்ணீர் இறைக்கும். இதை வாங்க வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது.

இறக்கத்தில் ஆபத்து

எந்திரத்தைத் திருப்ப, பக்கத்துக்கு ஒரு பிடி உண்டு. சமநிலத்தில் இடது பிடியை அழுத்தினால் எந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ வலப்பக்கம் திரும்பிவிடும்!

காரணம் என்ன? பிடியை அழுத்தினால், அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இறக்கத்தில் அந்தச் சக்கரம் வேகமாக உருளும். மற்றச் சக்கரத்தை எஞ்சின் இழுத்துப் பிடிக்கும்.

ஆகவே இறக்கத்தில் பிடியைத் தொடக்கூடாது. வேகத்தைக் குறைத்து, கைப்பிடித் தண்டாலேயே திருப்ப வேண்டும். பின்னால் எடுக்கும் முன், சுழல் கலப்பையை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காலுக்கே ஆபத்து!

மாடு மேடு பள்ளம் அறிந்து நடக்கும். எந்திரத்துக்கு அது தெரியாது. ஓட்டுகிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்!