சொரசொர சருமத்துக்கு பத்து கிராம் மெழுகு!

மார்கழி பிறந்தா கோலமும் வெண்பொங்கலும் வருதோ இல்லையோ, ஹாஸ்டல்ல ஒரு விளையாட்டு கண்டிப்பா வந்துடும். முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினா வெள்ளையா கோடு விழும். அதுல இனிஷியல் போடலாம், ஹார்ட்டின் வரையலாம். பார்த்துட்டு, 'ஏண்டா, சாம்பல்ல புரண்டியா?'னு நாலு பேர் ஓட்டலாம்.

ஓட்டுறதோட முடிஞ்சா பரவாயில்லை. மாநிறமோ கறுப்போ, நம்ம சருமம் வறண்டா மேலே கிளம்புற செதில்கள் சாம்பல் பூத்த மாதிரி மங்கலா தெரியும். உடனே, 'போச்சு, நான் கறுத்துட்டேன்'னு தீர்ப்பு எழுதிட்டு சிவப்பழகு க்ரீம் வாங்க ஓடுறவங்க எல்லா டிபார்ட்மென்ட்டிலும் உண்டு. அதுவும் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினா கேட்கவே வேண்டாம். 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 2020-ல் பேர்ல இருந்த 'ஃபேர்'ஐ எடுத்துட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிடுச்சு. நாம மாற வேண்டாமா? பிரச்னை கலர் இல்லை பாஸ்... தண்ணீர்!

சுவர்ல லீக்கேஜ்!

சிவில் பசங்களுக்கு இது சட்டுனு புரியும். தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவரா நினைச்சுக்கோங்க. தட்டையான செல்கள்தான் செங்கல். நடுவுல இருக்கிற கொழுப்புப் பொருட்கள்தான் பூச்சுக் கலவை. சுவர் உறுதியா இருக்கும் வரை உள்ளே இருக்கிற தண்ணீர் மெதுவாத்தான் ஆவியாகும்.

மழை ஓய்ந்து, குளிர்ந்த காத்து வறண்டு வீச ஆரம்பிச்சா ஆவியாகிற வேகம் கூடும். நாம சும்மா இருப்போமா? 'குளிருதே'னு ஆவி பறக்கப் பறக்க ரெண்டு பக்கெட் வெந்நீர், போதாததுக்கு ரெண்டு தடவை சோப்பு. அந்தக் கலவை கரைஞ்சு போக இது போதும்!

மாய்ச்சரைஸர் இங்கே மூணு விதமா உதவும். கிளிசரின் மாதிரிப் பொருட்கள் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய், செதில்களுக்கு நடுவுல இருக்கிற சந்தை நிரப்பி வழவழப்பாக்கும். மெழுகும் பெட்ரோலியம் ஜெல்லியும் மேலே மூடி போடும்.

மூடின்னதும் ஒரு மெக்கானிக்கல் கதை. 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவுல எண்ணெய்க் கிணறு தோண்டினாங்க இல்லையா? அங்கே பம்ப் கம்பிகள்ல பிசுபிசுன்னு ஒரு மெழுகு ஒட்டி தொல்லை கொடுத்தது. தொழிலாளிகளோ அதையே வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் தடவிக்கிட்டாங்க. ராபர்ட் செஸ்ப்ரோ என்கிற வேதியியல்காரர் அதைச் சுத்தம் பண்ணி, 1872-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாஸலின்! அதே 'மூடி' வேலையை நம்ம ஊர் தேன்மெழுகை வெச்சும் செய்யலாம்.

லேப் மேனுவல்

தேவை: தேங்காய் எண்ணெய் 80 மில்லி, தேன்மெழுகு 10 கிராம். அவ்வளவுதான்! தேன்மெழுகு பெரிய நாட்டு மருந்துக் கடைகள்ல கிடைக்கும். மொத்தமும் ஒரு சினிமா டிக்கெட் காசுக்குள்ள முடிஞ்சிடும்.

1. சின்ன டப்பாவைக் கொதிநீர்ல கழுவி, சொட்டு ஈரம் இல்லாம காய வைங்க.

2. மெழுகைச் சீவி, எண்ணெயோட ஒரு எவர்சில்வர் டம்ளர்ல போடுங்க. டம்ளரைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ள வைங்க. மெழுகு 65 டிகிரிக்குள்ள உருகிடும், ஸோ நேரடித் தீ வேண்டவே வேண்டாம். எண்ணெய் பத்திக்கும்!

3. உருகினதும் ஒரு துளியைக் குளிர்ந்த தட்டுல விட்டுப் பாருங்க. கல்லு மாதிரி இறுகினா எண்ணெய் சேருங்க, வழிஞ்சு ஓடினா மெழுகு சேருங்க.

4. டப்பாவுல ஊத்தி, நல்லா ஆறின பிறகு மூடுங்க. சூட்டோட மூடினா உள்ளே ஆவி வேர்த்துத் தண்ணீர் நிக்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பசங்களுக்கு ஒரு டிசைன் மாற்றம்: 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தானாவே உறைஞ்சிடும். பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்துக்கோங்க.

அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு மேகி பண்ற ஹாஸ்டல் விஞ்ஞானிகளுக்கு ஒரு வேண்டுகோள்... இந்த சோதனையை லீவுல வீட்டு அடுப்புல வெச்சுக்கோங்க!

ஏன் தண்ணீர் சேர்க்கலை?

'கற்றாழை போடலாமா, ரோஸ் வாட்டர் ஊத்தலாமா?'னு கேட்பீங்க. தண்ணீர் சேர்ந்தாலே பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் அட்மிஷன் போட்ட மாதிரி. கடை க்ரீம்ல அதைத் தடுக்கப் பதப்படுத்தும் பொருள் இருக்கும், நம்மகிட்ட இல்லை. அதனால ஈரக்கை டப்பாவுக்குள்ள போகவே கூடாது. சிக்குவாடை அடிச்சா தூக்கிப் போட்டுடுங்க.

சரி, தண்ணீருக்கு எங்கே போறது? அது உங்க உடம்புலயே இருக்கு! வெதுவெதுப்பான தண்ணீர்ல சீக்கிரம் குளிச்சுட்டு, துண்டால் அழுத்தித் தேய்க்காம ஒத்தி எடுங்க. லேசா ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில தேய்ச்சு இளக்கிப் பூசுங்க. அந்த ஈரத்துக்குத்தான் நம்ம மூடி. காய்ஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுப் பூசினா பாதிப் பலன்தான். ராத்திரி குதிகால்ல பூசினா மேலே சாக்ஸ் போடுங்க. இல்லைன்னா பாத்ரூம்ல ஸ்கேட்டிங்தான்!

சிவப்பு விளக்கு

முதல் நாளே உடம்பு முழுக்கப் பூச வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் கொஞ்சமா தடவி ரெண்டு நாள் பாருங்க. அரிச்சாலோ தடிச்சாலோ அதோட விட்டுடுங்க.

பரு இருக்கிற முகத்துக்கு இது வேண்டாம். தேங்காய் எண்ணெய் சிலருக்குத் துளைகளை அடைச்சு பருவைக் கூட்டும். எலுமிச்சைச் சாறு சேர்க்கிற ஐடியாவும் வேண்டாம். அது வறண்ட தோலை எரிச்சலாக்கும், வெயில் பட்டா கொப்புளமே வரலாம்.

வட்ட வட்டமா வெளுத்தா அது வறட்சி இல்லாம தேமலா இருக்கலாம். தேமல் ஒரு பூஞ்சை வேலை, அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசை ரொம்பப் பிடிக்கும். வெடிப்புல ரத்தம் கசிஞ்சாலும், அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தாலும் நேரா தோல் டாக்டர்தான். 'ஒரே வாரத்துல பளிச்'னு ஃப்ரெண்ட் நீட்டுற பேர் தெரியாத ட்யூபை மட்டும் தொட்டுடாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா, தோலையே மெலிய வெச்சுடும்.

சொன்ன அளவுக்கு ரெண்டு சின்ன டப்பா நிறையும். ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு? மெஸ்ல நம்ம தட்டையெல்லாம் சோப்புத் தண்ணீர்ல கழுவுற அக்காவோட கையை ஒருநாள் கவனிச்சுப் பாருங்க. அந்தக் கைக்குப் பன்னிரண்டு மாசமும் மார்கழிதான்!