கடைச் செய்திமடல்: எது நம் சரக்கு, எது அடுத்தவர் உரிமை?

வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் செய்திமடல் அனுப்பத் தொடங்கும் சிறுதொழில் செய்வோர் பலருக்கு மூன்றாவது மடலிலேயே எழுத ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. உடனே கை கூகுளுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு படம், யாரோ எழுதிய சமையல் குறிப்பு, பழைய சினிமாப் பாட்டில் நாலு வரி, கூடவே ஒரு நடிகரின் முகம். ஐந்து நிமிடத்தில் மடல் தயார். வக்கீல் நோட்டீஸ் வருவதும் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிட வேலையால்தான்.

கருத்து யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன விதம் சொன்னவருக்குச் சொந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படையே இதுதான். தன் நாடகத்தைத் தழுவி 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி.ஆனந்த் தொடுத்த வழக்கில், கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வேறொரு கடை 'மழைக்காலத்தில் மாவு கெடாமல் வைப்பது எப்படி' என்று எழுதியிருந்தால், அதே விஷயத்தை நீங்களும் தாராளமாக எழுதலாம். அவர்களுடைய வாக்கியங்களையும் படத்தையும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

'இணையத்தில் சும்மா கிடந்தது', 'கீழே நன்றி போட்டுவிட்டேன்' என்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. வியாபாரத்துக்காகத் தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. நஷ்டஈடு தனி. எழுத்துக்கான உரிமை, எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பாரதியாரை மேற்கோள் காட்டத் தடையில்லை. 1981-ல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கோ 2041 முடியும் வரை பாதுகாப்பு உண்டு. திருக்குறள் எல்லோருக்கும் பொது. ஆனால் இன்றைய உரையாசிரியர் எழுதிய உரை அவருடையது. நடிகரின் பெயரும் முகமும்கூட அவரவர் உரிமைதான். தன் பெயரைத் தலைப்பில் வைத்த ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார்.

இத்தனை ஆபத்தைச் சுமந்து வெளியே தேட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஈரோட்டுப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லா முன்னால் நின்று ஒருவர் கேட்கிறார்: "ஏனுங்க, வடை சுடறப்ப உங்க கடலை எண்ணெய் இப்படி நுரைக்குதே, ஏதாச்சும் கலக்கறீங்களா?" சுத்திகரிக்காத எண்ணெயில் கொஞ்சம் ஈரமும் இயற்கையான கொழுப்புப் பொருள்களும் தங்கிவிடுவதால் நுரை வரும். ஒரு மடலுக்கு இந்தப் பதிலே போதும். பாட்டிலின் அடியில் ஏன் வண்டல் படிகிறது, எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடுகிறோம், போன மாதத்தைவிட லிட்டருக்கு விலை ஏன் ஏறியது, பிண்ணாக்கை யார் வாங்கிப் போகிறார்கள் என்று கடைக்குள்ளேயே ஒரு வருடத்துக்கான விஷயம் இருக்கிறது. கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர் கேட்கும் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். படத்தை உங்கள் செல்போனிலேயே எடுங்கள். இந்தச் சரக்குக்கு எவரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

காசு கொடுத்துப் பிறரை வைத்துச் செய்தாலும் ஒரு நுணுக்கம் உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை உங்களுக்கே. சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவரின் எழுத்து அப்படியில்லை. உரிமையை அவர் எழுத்துமூலம் கையொப்பமிட்டு உங்களுக்கு மாற்றித் தர வேண்டும். அந்தக் கடிதத்தை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளரின் கதை மடலுக்கு உயிர் கொடுக்கும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும். கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழானவர் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பில் போடும்போது வாங்கிய மின்னஞ்சல் முகவரிக்குக் கேட்காமலே மடல் அனுப்பும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது 'எங்கள் எண்ணெய் சர்க்கரை நோயைக் குணப்படுத்தியது' வகை மடல்கள்தான். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் போவது உயிர். உணவுப் பொருளுக்குத் தவறான விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு. வாடிக்கையாளர் சொன்னதைத்தான் போட்டேன் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. இப்படி ஒரு மடல் உங்களுக்கு வந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள்.

உங்கள் எழுத்தையே இன்னொரு கடை எடுத்துப் போட்டுக்கொண்டால்? பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; எழுதிய கணமே உரிமை உங்களுடையது. தேதியோடு அனுப்பிய மடலே ஆதாரம். முதலில் நீக்கச் சொல்லி எழுதுங்கள். கேட்காவிட்டால், உங்கள் தொழில் நடக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம், எதிராளி வேறு ஊர்க்காரராக இருந்தாலும்.

மாறாக, படத்துக்குப் பணம் கேட்டு உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் பயந்து உடனே கட்டிவிடாதீர்கள், கிடப்பிலும் போடாதீர்கள். மேற்கொண்டு அந்தப் படத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, உரிமை அவர்களுடையது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். பதில் எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100. வீட்டிலிருந்தபடி தொழில் நடத்தும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இலவசச் சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.