டயாலிசிஸுக்குப் பின் தலைவலி: எப்போது கவனிக்க வேண்டும்?

டயாலிசிஸ் முடிந்த அன்று தலைவலியும் சோர்வும் ஏற்படுவது பலருக்கும் பழக்கமானதே. பெரும்பாலும் மறுநாளுக்குள் அவை தணிந்துவிடும். தணியாமல் நாளுக்கு நாள் கூடிவரும் தலைவலியை 'டயாலிசிஸ் அலுப்பு' என்று ஒதுக்கிவிடக் கூடாது. மூளையைச் சுற்றி இரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்குவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

ஏன் ஏற்படுகிறது?

மூளைக்கும் அதன் தடித்த வெளியுறைக்கும் இடையே மெல்லிய சிரைகள் செல்கின்றன. வயது கூடக்கூட மூளை சற்றே சுருங்குவதால் இவை இழுபட்டு நிற்கும். நிலைவாசலில் தலை இடித்துக்கொள்வது போன்ற சிறு அடியிலும் கிழியக்கூடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தத் தட்டணுக்கள் சரிவர இயங்குவதில்லை. இயந்திரத்தில் இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் மருந்தும் செலுத்தப்படுகிறது. சிலர் இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் அல்லது வார்ஃபரின் உட்கொள்கின்றனர். ஆகவே, தானே நின்றுவிடக்கூடிய சிறு கசிவு இவர்களிடம் தொடரலாம். அடிபட்ட நினைவே இல்லாதவர்களுக்கும் இது ஏற்படுவதுண்டு.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

அறிகுறிகள் பெரும்பாலும் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தே தோன்றும். அவற்றை முதலில் உணர்பவர்கள் உடனிருப்பவர்களே.

• மாத்திரை உட்கொண்டதை மறந்து மீண்டும் கேட்பது
• பகலிலும் மிகுந்த உறக்கம், குழப்பம்
• நடையில் தள்ளாட்டம். ஒரு காலில் செருப்பு நழுவுவதை உணராமை
• ஒரு கையில் வலுவின்மை, பேச்சில் குழறல்

என்ன செய்ய வேண்டும்?

அண்மையில் விழுந்திருந்தாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ, ஊசி குத்துவதற்கு முன்பே டயாலிசிஸ் பிரிவில் தெரிவியுங்கள். சொன்னால் டயாலிசிஸ் நின்றுவிடுமோ என்று சிலர் அஞ்சி மறைக்கின்றனர். அந்த அச்சம் தேவையில்லை. ஹெபாரின் இன்றியும் டயாலிசிஸ் செய்ய இயலும். சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதற்குப் பொதுவாகச் சாயமருந்து ஏற்ற வேண்டியதில்லை.

கசிவு சிறிதாக இருந்தால் மீண்டும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்போம். பெரிதாகி மூளையை அழுத்தினால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் அதை வெளியேற்றுவார். மீண்டும் தேங்கக்கூடும் என்பதால் தொடர் பரிசோதனை அவசியம்.

வலிப்பு, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

தடுக்க

டயாலிசிஸ் முடிந்தவுடன் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலாம்; சற்று அமர்ந்திருந்து, துணையுடன் எழுந்து நடங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் கூறியபடி உட்கொள்ளுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். இதய நோய் மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.