சூப்பர் ஹிட் கேம்ஸ்... சோகமான க்ளைமாக்ஸ்!

'செகா ட்ரீம்காஸ்ட்'னு சொல்லிப் பாருங்க... பழைய வீடியோ கேம் வெறியர்கள் இன்னிக்கும் உருகுவாங்க. 1999 செப்டம்பர் 9-ம் தேதி, 199 டாலர் விலையில் அமெரிக்காவில் இறங்கிய கேம் கன்சோல். நெட்டில் விளையாட மோடம் உள்ளேயே இருந்தது. 'சோல்கேலிபர்', 'கிரேஸி டாக்ஸி', 'ஷென்மூ'னு வந்ததெல்லாம் சரவெடி! அப்புறம் ஏன் பாஸ் படுத்துச்சு?

வினையை முன்னாடியே விதைச்சுட்டாங்க. பழைய செகா மெஷின் மேலே செருகுற '32எக்ஸ்' 1994-ல் வந்து, சீக்கிரமே அநாதையாச்சு. 1995 மே மாசம், 'சாட்டர்ன்' கன்சோலைச் சொல்லாமக் கொள்ளாம 399 டாலருக்குக் கடையில் இறக்கினாங்க. அதே நாளில் பிளேஸ்டேஷனுக்கு சோனி சொன்ன விலை... 299! காசு போட்டு நொந்தவங்க, ட்ரீம்காஸ்ட் வந்தப்போ, 'இது எத்தனை நாளைக்கோ?'னு தயங்கினாங்க. ஸ்போர்ட்ஸ் கேமில் கில்லியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், ஒரு கேம்கூடத் தரலை. 2000-த்தில் வந்த பிளேஸ்டேஷன் 2-ல் டி.வி.டி. படமும் ஓடும்னா, யாருங்க காத்திருக்க மாட்டாங்க? (திருட்டு சி.டி.யும் காலை வாரியது. ஆனா, அது கடைசி உதைதான்!)

2001 ஜனவரி 31-ம் தேதி செகா கையை விரிச்சது. விற்றது சுமார் 91 லட்சம். பிளேஸ்டேஷன் 2-வோ 15 கோடிக்கும் மேல்! தன் சொந்தச் சொத்தையே கம்பெனிக்குக் கொட்டிக் கொடுத்த தலைவர் இசாவோ ஒகாவா, அந்த மார்ச் மாசமே காலமானார். வருஷக் கடைசியில், செகாவின் செல்லப்பிள்ளை 'சோனிக்', பரம எதிரி நிண்டெண்டோவின் கன்சோலில் ஓடிக்கிட்டிருந்தான்.