பாலாற்றங்கரையில் போட்டோ எடுக்கிறீங்களா? அந்த வெள்ளை நுரைக்குப் பின்னாடி 30 வருஷக் கதை இருக்கு!

பாலாற்றில் தண்ணீர் வந்துட்டா போதும். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மக்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஆறுதான். பாலத்து மேல செல்ஃபி, தடுப்பணையில் ரீல்ஸ். வருஷத்தில் பல மாதம் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால் இந்தக் குஷி நியாயமானதுதான்.

ஆனால், மழைக்காலத்தில் ஆம்பூர் அருகே மாராப்பட்டு பகுதியில் எடுக்கப்படும் படங்களில் இன்னொன்றும் தெரியும். தண்ணீர் மேலே மிதந்து வரும் வெள்ளை நுரை. அது ஏன் வருது? அதைப் படம் எடுப்பதால் என்ன பயன்?

காய்ந்த ஆறு இல்லை

கர்நாடகாவின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, சுமார் 348 கி.மீ. ஓடுகிறது. இதில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கி.மீ. மேலே தண்ணீர் இல்லாத நாட்களிலும் மணலுக்கு அடியில் ஊற்று இருக்கும். கரையோர ஊர்களின் கிணறு, போர்வெல் எல்லாம் இதை நம்பித்தான். அதனால் ஆற்று மணலில் விடும் கழிவு, கடைசியில் குடிநீர்க் குழாயைத் தேடித்தான் போகும்.

இந்த ஆற்றை லேசாகவும் நினைக்க முடியாது. 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. உயிரிழந்தவர்களுக்காக அந்த ஊரில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. 2021 நவம்பரிலும் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடியது.

தோலுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?

தோல் அழுகாமல் இருக்க முதலில் உப்பு போடுவார்கள். அப்புறம் சுண்ணாம்பு, குரோமியம் உப்பு என்று பல கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் செலவாகும், கழிவுநீர் வெளியேறும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலம் போய் குரோமியம் வந்தபிறகு வேலை வேகமானது. கழிவும் கடுமையானது.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. டேனரி பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானதாக அதில் பதிவானது. டேனரிகளுக்கு தலா 10,000 ரூபாய் அபராதம். ‘மாசுபடுத்தியவரே நஷ்டத்தை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நின்றது இந்த வழக்கில்தான். இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

அப்புறம் அமைக்கப்பட்ட ஆணையம், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர் என்று கணக்கிட்டு இழப்பீடு நிர்ணயித்தது. ஆனாலும் பிரச்சினை முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. பாக்கி இழப்பீட்டை அரசு 6 வாரத்தில் கொடுத்துவிட்டு, ஆலைகளிடம் வசூலிக்கச் சொன்னது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இன்னொரு பக்கம், இந்த பெல்ட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் தோலும் ஷூவும்தான். கேள்வி ஆலை வேணுமா வேணாமா என்பது அல்ல. கழிவு எங்கே போகிறது என்பதுதான்.

ஒரு போட்டோவால் என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2017-ல் ‘கோஸ்ட்ஸ்நாப்’ என்றொரு திட்டம் தொடங்கியது. கடற்கரையில் போன் வைக்க ஒரு ஸ்டாண்ட். போகிற வருகிறவர்கள் ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில் படம் எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து கரை எவ்வளவு நகர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பல நாடுகளுக்கும் இது பரவியது.

பாலாற்றுக்கும் இதே டெக்னிக் பொருந்தும்:

- ஒரே இடம், ஒரே கோணம்: பாலத்தின் ஒரு தூணையோ ஒரு மரத்தையோ அடையாளமாக வைத்து மாதம் ஒரு படம்.
- லொகேஷன் ஆன்: தேதியும் இடமும் ஃபைலிலேயே பதிவாகும்.
- ஃபில்டர் வேண்டாம்: தண்ணீரின் நிறம் மாறினால் படத்துக்கு மதிப்பு இல்லை.
- ஒரிஜினலை வைத்திருங்க: வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்த விவரங்கள் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. நுரை என்றாலே டேனரி கழிவு என்று முடிவு கட்ட முடியாது. வீட்டுச் சாக்கடை சோப்பு நீரும் நுரைக்கும். தண்ணீர் மாதிரியை லேபில் சோதித்தால்தான் உண்மை தெரியும். படம் செய்வது, எந்த இடத்தில், எந்த நாளில் சோதிக்க வேண்டும் என்று காட்டுவது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் அனுப்பும்போது அதையும் இணைக்கலாம்.

ஆறு கடலைத் தொடும் இடம்

பாலாறு கடைசியில் செங்கல்பட்டு மாவட்டம் வயலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. பக்கத்திலேயே சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்களின் பழைய கோட்டை உண்டு. வயலூரில் கடல் நீர் நிலத்தடியில் ஏறாமல் இருக்கத் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். முகத்துவாரம், அலை, மணல் திட்டு என்று கேமராவுக்கு நல்ல தீனி. கல்பாக்கம் அணுமின் நிலையம் அருகில் இருப்பதால் ட்ரோன் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.

வயலூரில் எடுக்கும் படத்தையும் மாராப்பட்டில் எடுக்கும் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டும் ஒரே ஆறு.